"சாப்பிட்டாச்சா?" - இது எவ்வகை வினா?

(பதினோராம் வகுப்பு மாணவியர் சேர்ந்து எழுதியது)



வினா ஆறு வகைப்படும் என்பதும், விடை எட்டு வகைப்படும் என்பதும் நாம் அனைவரும் மனப்பாடம் செய்தவையே. அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்து வைத்ததைத் தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துபோவதும் நமக்கு வழக்கமே. இவ்வாண்டு எங்களால் அப்படி மறக்க முடியவில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சியையும், அதனால் நாங்கள் தேடித் தெரிந்துகொண்ட செய்திகளையும் இங்கே எழுதுகிறோம்.

"புத்தகத்தில் இருக்கிற எடுத்துக்காட்டு எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டிலும் தெருவிலும் காதால் கேட்டதை எழுதி வாருங்கள்" என்றார் எங்கள் தமிழம்மா. ஒரு வாரம் அவகாசம். எங்களுக்கு இது பாடமாகத் தோன்றவில்லை, விளையாட்டாகத் தோன்றியது. ஆளுக்கொரு சிறு நோட்டு எடுத்துக்கொண்டு, பெரிய மார்க்கெட்டில், பேருந்து நிறுத்தத்தில், வீட்டுத் திண்ணையில், ஞாயிறு பூசை முடிந்து சம்பா கோவில் வாசலில் என்று கேட்டதையெல்லாம் எழுதினோம். (பூசைக்குப் பின் வாசலில் நடக்கும் பேச்சு, சில நாள் பிரசங்கத்தைவிட நீண்டுவிடுகிறது என்பதையும் அப்போதுதான் கவனித்தோம்!)

கொளல் வினாவுக்குப் பஞ்சமே இல்லை. மளிகைக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் நோட்டு நிரம்பிவிடும். ஏவல் வினாவுக்கு எங்கள் அம்மாக்களே போதும்: "இன்னும் குளிக்கப் போகலையா?" கொடை வினாதான் அரிதாகக் கிடைத்தது. ஓர் ஆயா தம் பேரனிடம் "கையில துட்டு இல்லையாடா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்ததாக ஒருத்தி ஓடிவந்து சொன்னாள். அன்று அவளுக்குத்தான் கைதட்டல்.

ஆனால் எங்கள் நோட்டுகளில் பெரும்பகுதியை நிரப்பியவை வேறு வினாக்கள். சீருடை அணிந்து புத்தகப் பையைச் சுமந்து வருகிறவளைப் பார்த்து, "இன்னா பாப்பா, ஸ்கூலுக்கா?" என்கிறார் பூக்காரம்மா. கோலம் போட்டு முடித்து நிமிர்கிறவரிடம், "இன்னாக்கா, கோலம் போட்டாச்சா?" என்கிறார் எதிர்வீட்டார். கையில் கீரைக்கட்டோடு வருகிறவரிடம், "மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வரீங்களா?" நண்பகல் தாண்டிவிட்டால் யார் யாரைக் கண்டாலும், "சாப்ட்டாச்சா?"

இவை எவ்வகை வினா? அறியா வினா என்று சொல்ல முடியாது. கோலம் கண்ணெதிரே கிடக்கிறதே! ஐயமும் இல்லை. விடை தெரிந்தே கேட்பதால் அறி வினா என்றாள் ஒருத்தி. அறி வினா என்பது ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்பது; பூக்காரம்மா நம்மைச் சோதிக்கவா கேட்கிறார் என்று மடக்கினாள் மற்றொருத்தி. "சாப்ட்டாச்சா?" என்பது கொடை வினாவாகலாமே, இல்லை என்றால் சோறு போடுவார்களே என்றது ஒரு கட்சி. தெருவில் கடந்து போகிறவர் எந்தச் சோற்றைப் போடுவார் என்றது எதிர்க்கட்சி. வகுப்பு இரண்டுபட்டது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவேதான் நாங்கள் ஒரு விடையைப் பெருமையோடு எடுத்து நீட்டினோம். அதைத் தெருவில் தேடவில்லை. எங்கள் வகுப்பிலேயே பிடித்தது. மூன்றாம் பெஞ்சில் அமரும் தோழி ஒருத்தியிடம் மதிய இடைவேளையில் "சாப்ட்டியா?" என்று கேட்டோம். "அம்மா ஊர்ல இல்ல" என்றாள். கேட்டது ஒன்று, சொன்னது வேறு. ஆயினும் விடை உள்ளே இருக்கிறது. இது உற்றது உரைத்தலா, இனமொழியா என்று பத்து நிமிடம் வாதிட்டோம். தமிழம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அந்தத் தோழி பள்ளிக்கு வரவில்லை. வாதம் ஓய்ந்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரி, அவள் சாப்பிட்டாளா?"

எங்களுக்குத் தெரியவில்லை. விடையை நோட்டில் எழுதினோமே தவிர, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. "எத்தனை நாளாக அம்மா ஊரில் இல்லை?" என்றார். அதுவும் தெரியவில்லை. வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

பிறகு தெரிந்தது இதுதான். (அவளிடம் அனுமதி பெற்றே எழுதுகிறோம்.) அவளுடைய அம்மா மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டு அன்றோடு பதினெட்டு நாள். அப்பாவுக்கும் தம்பிக்கும் சமைத்து வைத்துவிட்டு, தனக்கென்று கட்டிக்கொள்ள நேரமில்லாமல் அவள் வந்துகொண்டிருந்தாள். நாங்கள் அத்தனை நாளும் "சாப்ட்டியா?" என்று கேட்டோம், அத்தனை நாளும் அவள் "உம்" என்றாள். ஒரே ஒரு நாள்தான் வேறு விடை சொன்னாள். அதை நாங்கள் இலக்கணத்துக்கு எடுத்துக்கொண்டோம்.

அறிய வேண்டும் என்ற எண்ணமே இல்லையென்றால் நாம் ஏன் கேட்கிறோம்? இந்தக் கேள்விதான் எங்களை நூலகத்துக்கு விரட்டியது.

போலந்து நாட்டில் பிறந்த மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர், முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-க்கும் 1918-க்கும் இடையே, பப்புவா நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி அம்மக்களின் மொழியைக் கற்று அவர்கள் பேசுவதைக் கவனித்தார். மீன்பிடிக்கும்போது பேசுவது வேலைக்கான பேச்சு, அது புரிந்தது. ஆனால் மாலையில் கூடியிருந்து, ஊரறிந்த செய்தியையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எதற்காக? அந்தப் பேச்சின் பயன் செய்தியைச் சொல்வதில் இல்லை, பேசுவதிலேயே இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. இருவர் எதிர்ப்படும்போது நிலவும் மௌனம் மனிதனுக்கு அச்சம் தருவது. எதிரே நிற்பவன் நண்பனா, பகைவனா? அந்த மௌனத்தை உடைத்து, "நான் உனக்கு வேற்றாள் அல்லன்" என்று காட்டுவதற்கே வானிலையும் நலமும் பேசப்படுகின்றன. 1923-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு அவர் 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்று பெயரிட்டார். உறவாடற் பேச்சு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ராபின் டன்பார் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1996-ல் எழுதிய நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து, உரோமம் நீவி உறவை வளர்க்கின்றன. கூட்டம் பெருகப் பெருக எல்லாருக்கும் பேன் பார்க்க நேரம் போதாதல்லவா? அந்த வேலையை மனிதக் கூட்டத்தில் பேச்சு எடுத்துக்கொண்டது என்பது அவர் கருத்து. இதைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பாட்டிமார் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தலையில் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்களாம். இரண்டையும் ஒருசேரச் செய்தவர்கள் அவர்கள்!

திண்ணை என்றதும் நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஊர் பிரிந்திருந்ததை அறிவோம். கிழக்கே உயர்ந்த மதிலும் மூடிய வாயிற்கதவும்; வீட்டின் அழகெல்லாம் உள்ளே. மேற்கே வைசியாள் வீதி போன்ற தெருக்களில் இன்றும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். முதலில் மரத்தூண்கள் தாங்கிய சாய்ந்த கூரையின் கீழ்த் தாழ்வாரம். அது வழிப்போக்கருக்கும் நிழல் தருவது. அதை அடுத்துத் திண்ணை. அது பாதி வீடு, பாதி தெரு. அதற்குப் பின்தான் கதவு. யாரையும் வீட்டுக்குள் அழைக்காமலேயே உட்காரவைத்துப் பேச ஓர் இடத்தைக் கட்டடத்திலேயே வைத்திருக்கிறார்கள். கொத்தனாருக்கும் உறவாடற் பேச்சின் இலக்கணம் தெரிந்திருக்கிறது! பல வீடுகளில் அந்தத் திண்ணைக்கு இப்போது இரும்புக் கம்பி போட்டுப் பூட்டிவிட்டார்கள். உள்ளே மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

இந்த ஊரில் அன்றாடப் பேச்சைக் குறித்துவைத்தவர்களில் நாங்கள் முதல்வர்கள் அல்லர். எங்களுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். துய்ப்ளெக்ஸ் கவர்னரின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் முதல் 1761-ல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். ஆங்கிலத்தில் அது 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளிவந்தது. போர்களையும் கப்பல்களையும் அறியவே வரலாற்று மாணவர் அதைப் புரட்டுவர். நாங்கள் பேச்சுக்காகப் புரட்டினோம். தம் பாக்குக் கிடங்கில் அவர் அமர்ந்திருப்பார்; வருகிறவர் வருவார், போகிறவர் போவார். யார் வந்தார், என்ன பேசினார், கவர்னர் முகங்கொடுத்துப் பேசினாரா இல்லையா என்பதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அதுவும் ஏட்டுத் தமிழில் அல்ல. அக்காலத்துப் பேச்சுத் தமிழில். பெரிய பதவியில் இருந்தவருக்கும் பிறர் தம்மிடம் இன்முகத்தோடு பேசினார்களா என்பது எழுதிவைக்கத் தக்க செய்தியாக இருந்திருக்கிறது.

மற்றொருவர் நம்மைப் போன்ற சிறுமி. 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுவையில் தங்கியிருந்தார். 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புடைய மண்டயம் சீனிவாசாச்சாரியார் குடும்பமும் இங்கேதான் இருந்தது. அவர் மகள் யதுகிரி, பாரதியார் தங்கள் வீட்டுக்கு வரும்போதும் தாம் அவர் வீட்டுக்குப் போகும்போதும் கேட்ட பேச்சுகளை மனத்தில் வைத்திருந்து, வளர்ந்தபின் 'பாரதி நினைவுகள்' என்று எழுதினார். கவிஞரைப் பற்றிப் பெரிய நூல்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அவர் வீட்டில் எப்படிப் பேசினார், எப்படிச் சிரித்தார் என்று நமக்குச் சொல்ல ஒரு சிறுமியின் காது வேண்டியிருந்தது. வீட்டு வாடகை கேட்க வரும் செட்டியாருக்குப் பாரதியார் 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று பெயர் வைத்ததையும், வந்தவர் வாடகையைக் கேளாமலே பேச்சையும் பாட்டையும் கேட்டுவிட்டுத் திரும்புவதையும் வ.ரா. எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே புதுவையில் அப்போது பிரிட்டிஷ் அரசின் ஒற்றர்களும் நிறைந்திருந்தனர். "எந்த ஊரு? எங்கே தங்கியிருக்கீங்க?" என்று இன்முகத்தோடு விசாரிப்பவர் அன்பராகவும் இருக்கலாம், ஒற்றராகவும் இருக்கலாம். அறியவேண்டும் என்றே கேட்கப்படும் நலவிசாரிப்பு எவ்வளவு அச்சம் தருவது என்பதை அந்தத் தேசபக்தர்கள் நன்றாக அறிந்திருப்பார்கள். பூக்காரம்மாவின் "ஸ்கூலுக்கா?" நம்மை அச்சுறுத்தாததற்குக் காரணம், அவர் நம்மிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்ப்பதில்லை என்பதே.

பிற மொழிகளிலும் இவ்வகை வினாக்கள் உண்டு. சீனரிடமும் "சாப்பிட்டாயா?" என்பது பழைய முகமன். மலேசியாவில் வாழும் நம் உறவினர்கள் மலாய் மொழியில் "சூடா மக்கான்?" என்று கேட்பதும் அதுவேதான். ஆங்கிலேயர் சோற்றைப் பேசுவதில்லை, மழையைப் பேசுவார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திய பிறகு உலாவும்போது, ஒருவரையொருவர் கண்டதும் "சவா?" என்கிறார்கள். பதிலும் "சவா!" வினாவும் விடையும் ஒரே சொல். பவணந்தியார் கேட்டிருந்தால் ஒன்பதாவதாக ஒரு விடையைச் சேர்த்திருப்பாரோ என்னவோ.

நம் தமிழில் இதற்கென்று எழுதாத விதிகள் பல. வெளியே கிளம்புகிறவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது; "தூரமா?" என்று கேட்க வேண்டும். விடைபெறும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது. "போய்ட்டு வரேன்" என்றே சொல்ல வேண்டும். "போ" என்று விடைகொடுப்பதும் தவறு, "வா" என்கிறோம். பிரியும் நேரத்தில் "வா" என்று சொல்லும் மொழி நம்முடையது என்பதை, பதினாறு ஆண்டுகள் அதைப் பேசிய பிறகே நாங்கள் கவனித்தோம்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதியை நூலகத்தில் காணவில்லை. எங்களில் ஒருத்தியின் தெருவில் கண்டோம். அங்கே ஓர் ஆயா தனியாக வசிக்கிறார். திண்ணைக்கு இன்னும் கம்பி போடாத வீடு. முழங்கால் வலியால் அவர் துன்பப்படுவது தெரு முழுவதற்கும் தெரியும். ஆயினும் பால்காரர் "நல்லா இருக்கியா ஆயா?" என்றால், "நல்லா இருக்கேம்பா" என்கிறார். கீரைக்காரம்மா கேட்டாலும் அதே விடை. "ஏன் ஆயா, கால் வலிக்குதுன்னு சொல்லக்கூடாதா?" என்று நாங்கள் கேட்டோம். அவர் சிரித்தார்.

"போறபோக்குல கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கேன்னுதான் சொல்லணும் கண்ணு. அவங்களுக்கும் வேலை இருக்கில்ல? கேட்டுட்டு நின்னு, இன்னொருவாட்டி கேப்பாங்க பாரு, அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லலாம்."

இதை நாங்கள் தமிழம்மாவிடம் சொன்னபோது, அவர் தம் குறிப்பேட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார். எங்கள் வாழ்நாளில் ஆசிரியர் ஒருவர் எங்களிடமிருந்து குறிப்பு எடுத்தது அதுவே முதன்முறை!

முதல் வினாவுக்கு விடை தேவையில்லை; அது கதவைத் தட்டுவது மட்டுமே. தினமும் தட்டினால்தான் ஒரு நாள் திறக்கும் என்பதும் உண்மை. பதினெட்டு நாள் "உம்" என்றவள், பத்தொன்பதாம் வினா வந்திராவிட்டால் "அம்மா ஊர்ல இல்ல" என்று சொல்லியிருக்கவே மாட்டாள். ஆகவே அந்தப் பொருளற்ற கேள்வியை நாங்கள் இப்போது ஏளனம் செய்வதில்லை. காலையில் அத்தைமாரும் சித்திமாரும் கைப்பேசியில் அனுப்பும் ரோஜாப்பூப் படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி, இப்போது பதிலுக்கு ஒரு பூவை அனுப்புகிறாளாம். எங்கள் தவறு கேட்டதில் இல்லை. கதவு திறந்தபோது, நோட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நடந்துவிட்டோமே, அதில்தான் இருந்தது.

அவள் இரண்டு வாரம் கழித்து ஒழுங்காகப் பள்ளிக்கு வரத் தொடங்கினாள். அதற்குள் அவள் அம்மா வீடு திரும்பியிருந்தார். இடையில் நாங்கள் முறைவைத்து ஒரு டிபன் பாக்ஸ் அதிகமாகக் கொண்டுவந்தோம் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டோம். அதற்கு எங்கள் அம்மாக்களைத்தான் பாராட்ட வேண்டும். விஷயம் தெரிந்தவுடன், "இத்தனை நாளா ஏண்டி சொல்லல?" என்று அவர்கள் எங்களைத் திட்டிய திட்டும் ஓர் ஏவல் வினாதான்.

முதல் நாள் மதிய மணி அடித்தது. அவளிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளே எங்கள் பெஞ்சுக்கு வந்து நின்று, "சாப்ட்டாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றோம்.

"அம்மா எலுமிச்சம்பழச் சோறு குடுத்தாங்க. நிறையக் கட்டிட்டாங்க" என்று மூடியைத் திறந்தாள்.